நிம்மதிக்கு ஒரு லிங்க்

அத்தியாயம் 11

கம்ப்யூட்டர் திரையில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பூபாலன் பல் துலக்கிக்கொண்டே வந்து ஒரு முறை பார்த்தான். காபி டம்ளரோடு வந்து மறுபடி பார்த்தான். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு இன்னொரு முறை எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு அதை எடுத்துடறேன்னு சொன்னீங்க" என்றாள் பிரதீபா. கம்பெனி யூனிஃபார்ம் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுக்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நல்லா ஓடிக்கினு கீறதைப் போய் நிறுத்தச் சொல்றியே, பிரதீபா."

"ஓடறது என் மூஞ்சிதானே?"

அதற்குப் பதில் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் வாசல் கேட்டைச் சாத்திவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுப் பக்கம் கம்பெனி பஸ் வந்து நிற்கும் நேரம். போன வாரம் அந்த பஸ்ஸில்தான் கூட வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் போனில் அவளையே அவளுக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் சோறு குழம்பையும் 'எப்ப எடுப்பீங்க'வையும் தவிர வேறு பேச்சில்லை.

பூபாலன் என்ன வேலை செய்கிறான் என்பது அவன் குடும்பத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. 'போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பாதுகாப்பு குடுக்கற வேலை' என்று அவன் நைனா சுப்பிரமணி ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் அவன் எதையும் செய்வதில்லை. வைரஸைத் தடுக்கும் மென்பொருள், பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் மென்பொருள் என்று யார் யாரோ செய்வதற்கு இவன் இணையத்தில் விளம்பரம் போடுவான். வீடியோ பார்த்துக்கொண்டிருப்பவர்களின் போனில் நடுவே அது வந்து நிற்கும். கீழே இவனுடைய லிங்க். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் இவனுக்குக் கமிஷன்.

பயம் இல்லாமல் யாரும் பாதுகாப்பு வாங்குவதில்லை என்பதை அவன் சீக்கிரமே கண்டுகொண்டான். மற்றவர்கள் புத்தகத் தமிழில் எழுதி மிரட்டினார்கள். இவன் அடுத்த வீட்டுக்காரன் காதோரம் சொல்வதுபோல் எழுதினான். 'உங்க போன்ல உங்களுக்குத் தெரியாம யாரோ கீறாங்க.' அவ்வளவுதான். படித்தவர்கள் விரல் தானாக லிங்க்குக்குப் போனது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'இல்லக்காவல்'. வீட்டில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று போனில் காட்டும் ஆப். குடும்பத்துப் பெண் பேசுவதுபோல் ஒரு வீடியோ வேண்டும் என்று அந்த ஆப் கம்பெனியின் மேனேஜர் கேட்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபாலன் பிரதீபாவையே அடுப்பு முன்னால் நிறுத்திப் பேச வைத்தான். விளையாட்டாகத்தான் பேசினாள். அது மாவட்டம் முழுக்க ஓடும் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

திரையை மூடலாம் என்று அவன் கையை நீட்டியபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"டேய் பூபா, நான்தான்."

"அக்காவா? இது யார் நம்பரு?"

"அதெல்லாம் அப்புறம். நீ உடனே மாமல்லபுரம் வா. என் போன்ல இன்னாவோ கீதுடா."

சங்கரி அவனுடைய ஒரே அக்கா. செய்யூரில் கொடுத்திருந்தார்கள். மாமா ரமேஷ் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் துர்காதேவி நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? மெதுவா சொல்லு."

"நான் எங்க போனாலும் உங்க மாமாவுக்குத் தெரியுதுடா. மொதல்ல, கூவத்தூர்ல உனக்கு இன்னா வேலைன்னு கேட்டாரு. நேத்து சோத்துல கைய வெச்சிக்கினே, பூஞ்சேரில யார் வூட்டுக்குப் போனேன்னு கேக்கறாரு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடல. பஸ்ல எவனாச்சும் பின்னாடியே வரானான்னு திரும்பித் திரும்பிப் பார்த்து கழுத்தே புடிச்சிக்கிச்சு."

"நீ எதுக்கு அங்கெல்லாம் போற?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

"வந்து பாரு. போனுக்குப் பாதுகாப்பு குடுக்கறவன் நீதானே? எனக்கு வேற யார் கீறாங்க?"

பூபாலன் திரையில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தின் விவரத்தைத் திறந்தான். செங்கல்பட்டு மாவட்டம், கல்யாணமான ஆண்கள், முப்பது வயதுக்கு மேல். விளம்பரம் யார் கண்ணில் படவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். செய்யூரும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

*

செங்கல்பட்டைத் தாண்டும்வரை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தான். இப்படி எத்தனையோ ஆப் இருக்கிறது. மாமா வேறு எதையாவது போட்டிருக்கலாம். யாராவது பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அக்காவே வாய் தவறி உளறியிருக்கலாம்.

திருக்கழுக்குன்றத்தில் பெட்ரோல் போட நின்றவன், பங்கிலிருந்து வெளியே வந்ததும் போனை எடுத்துக் கணக்குப் பக்கத்தைத் திறந்தான். செய்யூர்ப் பக்கம் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டியது. எண்தான். பேர் கிடையாது, முகம் கிடையாது. அந்த எண்ணில் ஒன்று மாமாவா இல்லையா என்று எப்படித் தேய்த்துப் பார்த்தாலும் தெரியாது.

நேற்றுவரை அந்த எண் ஏறினால் சந்தோஷப்பட்டான்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்தது அக்கா சொன்ன விடுதி. மாடியும் கீழுமாகச் சில அறைகள், பின்பக்கம் பெரிய சமையற்கட்டு. வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. புதுச்சேரியிலிருந்து மிதித்து வந்த ஒரு கூட்டம் வேர்வையும் களைப்புமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

"சங்கரியோட தம்பியா?" விடுதிக்காரம்மா சம்சாத் பேகம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள போப்பா. ஆனா அவளை ரொம்ப நேரம் புடிச்சி வெச்சிக்காத. இன்னிக்கு இவங்களுக்கு அவ கை சமையல்தான். சரியா அமைஞ்சா, இந்தக் கிச்சன் பொறுப்பு மொத்தமும் அவகிட்ட."

பூபாலனுக்கு அப்போதுதான் விளங்கியது.

உள்ளே சங்கரி தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஒரு அடுப்பில் நெத்திலிக் குழம்பு. இன்னொன்றில் வாழைப்பூ வடை. இரண்டு பெண்களுக்கு வேலை சொல்லிக்கொண்டே வடையைத் திருப்பிப் போட்டாள். அக்காவை இவ்வளவு வேகமாக அவன் பார்த்ததே இல்லை.

"துர்கா போனதுலேர்ந்து வூட்ல உக்காந்து செவுத்தைப் பார்த்துக்கினு கீறேன்டா" என்றாள், அவன் கேட்காமலே. "பேகம்மா ஒரு வளைகாப்புல என் சமையலைச் சாப்ட்டுட்டு வந்து கேட்டாங்க. உங்க மாமா, எவன் எவனோ வந்து தங்கற எடத்துல எம்பொண்டாட்டி கரண்டி புடிக்கறதான்னு ஒரே பேச்சுல முடிச்சிட்டாரு. அதான் கூவத்தூர், பூஞ்சேரி வழியா பஸ் மாறி சொல்லாம இங்க வந்து போயிக்கினு கீறேன். இன்னிக்கு அமைஞ்சிட்டா நானே சொல்லிடலாம்னு இருந்தேன்."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

அவன் அதிக நேரம் தேடவில்லை. கால்குலேட்டர் படம் போட்ட சின்னக் கட்டம் ஒன்று இருந்தது. தொட்டான். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னான். கூட்டவில்லை. ரகசிய எண் கேட்டது. 'பார்க்கிறவங்களுக்குக் கால்குலேட்டர், உங்களுக்குக் காவல்காரன்.' அவனே எழுதிய வரி.

"இன்னாடா, எதாச்சும் கீதா?"

"கீதுக்கா."

"இன்னா கீது?"

"நீ எங்க போறேன்னு பார்க்கற ஆப்பு. உன் போன்ல போட்டு வெச்சிருக்காங்க."

கரண்டி ஒரு நொடி நின்றது. "அவரா?"

அவன் தலையை ஆட்டினான்.

"நான் தூங்கறப்போ எடுத்திருப்பாரு." அவள் குரல் அடங்கிவிட்டது. பஸ்ஸில் ஒவ்வொரு ஆளையும் சந்தேகப்பட்டவள், புருஷனை மட்டும் சந்தேகப்படவில்லை. "சரி, எடுத்துப் போடு அதை."

"எடுத்தா உடனே மாமா போனுக்குச் செய்தி போயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பூபாலன் அடுப்பைப் பார்த்தான். "இந்த மாதிரி ஆப்பு எல்லாம் அப்படித்தான்க்கா."

சங்கரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யோசிக்க அவளுக்கு நேரமில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, வெளியே ஆட்கள் பசியோடு இருந்தார்கள்.

"அப்ப இப்ப தொடாத. சாப்பாடு முடியட்டும். பூஞ்சேரின்னு தெரிஞ்சவருக்கு இதுவும் தெரிஞ்சிருக்கும். வரதுன்னா வரட்டும்."

*

அவர் வந்தார்.

பெரிய வேன் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. ரமேஷ் இறங்கி நடந்து வந்தார். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. போனைக் கையில் பிடித்து, அதைப் பார்ப்பதும் வீட்டு வாசல்களைப் பார்ப்பதுமாக வந்தார். விடுதி வாசலில் மச்சானைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இங்க இன்னா பண்ற?"

"மாமா, உள்ள வாங்க. நிதானமா பேசலாம்."

"உனக்கும் தெரியுமா? எல்லாரும் சேர்ந்துதான் என்னை முட்டாளாக்கறீங்களா?"

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரை எந்தக் கோலத்தில் பார்க்கப் போகிறோம் என்று வழியெல்லாம் கற்பனை செய்துகொண்டு வந்திருப்பார் போல. சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே, தலையில் துண்டோடு, ஒரு வயதான சைக்கிள்காரருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்ததும் அவர் கால்கள் தயங்கின. உண்டான கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

சங்கரி நிமிர்ந்து பார்த்தாள். பாத்திரத்தைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சமையற்கட்டுக்கு வரச்சொல்லித் தலையசைத்தாள்.

"ஏன்டி சொல்லல?" என்றார் உள்ளே வந்ததும்.

"சொன்னேனே. வோணாம்னீங்க."

"அதுக்கு? மதுராந்தகம் போறேன்னு பொய் சொல்லிட்டு இங்க வந்து நிப்பியா? வண்டி ஓட்டிக்கினு கீறேன், உன் புள்ளி எங்கியோ கடலோரமா நகர்ந்துக்கினு கீது. எனக்கு எப்படி இருக்கும்? நீ என்னை வுட்டுட்டுப் போறேன்னு நெனைச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. சங்கரியின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்படி நெனைச்சா என்னைக் கேக்கறதுதானே? தூங்கறவ போனை எடுத்து இந்தக் கண்றாவியைப் போடணுமா? யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

ரமேஷ் திரும்பி பூபாலனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"இன்னாடா, நீ சொல்லலையா அவகிட்ட?"

"மாமா..."

"உன் தம்பிதான் சொல்லிக் குடுத்தான். வேற யாரு?" தன் போனில் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, சங்கரியின் முன்னால் நீட்டினார்.

பிரதீபா அடுப்பு முன்னால் நின்று சிரித்தாள். "வூட்ல இருக்கறவங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாலே பாதி நிம்மதிங்க. இப்பவே கீழ இருக்கற லிங்க்கைத் தொடுங்க."

"நம்ம பிரதீபாவே சொல்லுது, மச்சான் தொழில், நம்ம வாங்கினா அவனுக்கும் நல்லதுன்னு நெனைச்சித்தான் தொட்டேன்" என்றார் ரமேஷ். "வெளியாள் எவனாச்சும் சொல்லியிருந்தா போட்டிருப்பேனா?"

வடை எண்ணெயில் கருகத் தொடங்கியது. யாரும் அதைத் திருப்பவில்லை.

சங்கரி தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தவள், இப்போது முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"போனை எடுத்து உன் கைல குடுத்தேனே" என்றாள். "அப்பகூடச் சொல்லலையே நீ."

பிறகு அடுப்பை அணைத்தாள். கருகியதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

*

சாப்பாடு முடியும்வரை ரமேஷ் வாசலுக்கும் வேனுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சம்சாத் பேகம் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

பூபாலன் மாடிப்படியில் உட்கார்ந்து விளம்பரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினான். கடைசியாகப் பிரதீபா இருந்த வீடியோவையும் நிறுத்தினான். உடனே கம்பெனி மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. 'என்ன பிரதர் ஆச்சு? உங்க மாவட்டம்தான் டாப்ல ஓடிட்டு இருந்துச்சு.' அவன் அதைத் தள்ளிவிட்டான்.

இனிமேல் யார் போனிலும் புதிதாக வராது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள்? கருங்குழியில், மதுராந்தகத்தில், கல்பாக்கத்தில், கால்குலேட்டர் என்று நினைத்து அதைக் கையோடு கொண்டு திரியும் பெண்கள்? அதை நிறுத்த அவனிடம் எந்தப் பொத்தானும் இல்லை. யாருக்குப் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை. பிரதீபாவுக்கு 'எடுத்துட்டேன்' என்று எழுதினான். அனுப்பாமலே அழித்தான்.

சைக்கிள்காரர்கள் எழுந்து கைகழுவப் போனார்கள். அவர்களில் ஒரு பெண் சமையற்கட்டு வரை போய் சங்கரியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். சம்சாத் பேகம் பின்னாலேயே போனார்.

"திங்கக்கெழமை வந்துடு சங்கரி. மத்ததைப் பேசிக்கலாம்."

வாசலிலிருந்து ரமேஷ் அதைக் கேட்டார். "திங்கக்கெழமையும் இல்ல, எந்தக் கெழமையும் இல்ல. கெளம்பு. வண்டி நிக்குது."

சங்கரி தலைத்துண்டை அவிழ்த்தபடி வெளியே வந்தாள். "கெளம்பறதைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அது போவணும்." போனைத் தம்பியிடம் நீட்டினாள். "அவர் கண்ணு முன்னாடியே எடு."

"எடுக்கட்டும், எனக்கின்னா?" என்றார் ரமேஷ். "எண்ணு வோணும்ல? என் வண்டி நம்பர்தான். போட்டு எடு."

வண்டி நம்பரைப் போட்டதும் கால்குலேட்டர் மறைந்தது. வரைபடம் ஒன்று விரிந்தது. சங்கரி தம்பியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் தன்னைத் துரத்தியது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கும்.

"இந்தச் சிவப்பு நானா?"

"ஆமாக்கா."

"இந்த நீலம்?"

பூபாலன் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். குடும்ப ஆப் என்பதால் போட்டவரையும் அது சேர்த்தே காட்டும். வேண்டாம் என்றால் போட்டவர்தான் தன் பக்கத்தை அணைத்து வைக்கவேண்டும். மாமா அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

"அது மாமா" என்றான்.

சங்கரி நேற்றைய தேதியைத் தொட்டாள். நீலக் கோடு செய்யூரிலிருந்து கிளம்பி, மதுராந்தகம் வழியாகத் தொழிற்பேட்டைக்குப் போனது. ஆட்களை இறக்கியபின் மத்தியானம் முழுக்கக் கம்பெனி கேட்டு நிழலில் வேனிலேயே படுத்துத் தூங்குவதாகத்தான் ரமேஷ் தினமும் சொல்வார். கோடு அங்கே நிற்கவில்லை. வந்த வழியே திரும்பி வந்து மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் நின்றது. வண்டி வெகுநேரம் நிற்கும் இடத்தில் போடும் வட்டம் அங்கே பெரிதாக இருந்தது.

சங்கரி விரலால் முந்தைய நாளைத் தள்ளினாள். அதே இடம். அதற்கும் முந்தைய நாள். அதே இடம்.

"குடு அந்தப் போனை" என்று ரமேஷ் பாய்ந்து கையை நீட்டினார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் இல்லாத பயம் இப்போது வந்திருந்தது.

சங்கரி முந்திக்கொண்டாள். போனைத் தம்பியிடமிருந்து வாங்கித் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, புருஷனை நேராகப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"கருங்குழில யாரு கீறாங்க?"